வாயைக் கட்டிய வடை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-2-1934

கிள்ளான் நகரத்துச் சமையல் மகாராணியும், திடீரென்று ஊமைச்சாமியாராக அவதாரம் எடுத்திருப்பவளுமான என் அக்காள் மகள் புஷ்பவல்லிக்கு, நாகையா மாமன் நாற்காலியில் ஏறி நின்று எழுதுவது.

நேற்று உன் வாசலில் வந்து நின்றேனே, அப்போது எனக்கு இருந்த பசி சாதாரணப் பசி இல்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பலைத் தூக்கிவந்து இலையில் வைத்திருந்தால் நங்கூரத்தை மட்டும் மிச்சம் வைத்திருப்பேன். நீ என்ன செய்தாய்? கும்பிட்டாய். உன் நாத்தனார் தங்கமணியின் பழைய சிலேட்டை எடுத்து "வாங்க மாமா" என்று எழுதிக் காட்டினாய். தொண்டைக்கு என்னம்மா என்று கேட்டேன். துடைத்துவிட்டு "விரதம்" என்று எழுதினாய். என்ன விரதம் என்று கேட்டேன். துடைத்துவிட்டுத் தேடினாய், பல்பத்தைக் காணவில்லை. உன் பாப்பா அதைத் தின்றுகொண்டிருந்தாள். அத்தோடு நம் சம்பாஷணை முடிந்தது.

உன் புருஷன் இராமலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். துறைமுகக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதுகிற கிராணி, மூட்டை மூட்டையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "வடை" என்றார். பெருமூச்சு விட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வடைக்கும் ஒரு பெருமூச்சுக்கும் நடுவில் என்ன கதை இருக்கும் என்று யோசித்து என் தலையில் மிச்சம் இருந்த முடியும் கொட்டிவிட்டது. தட்டில் நீ உப்பில்லாமல் எதையோ பிசைந்து விழுங்கியதையும் பார்த்தேன். சிலேட்டு வேண்டாம். காகிதம் எடு. நடந்ததை எழுது.

இனி என் பெருமை. நான் யோகியாகிவிட்டேன். பென்ஷன் வாங்கின ஸ்டேஷன் மாஸ்டர் கார்த்திகேசு இருக்கிறாரே, யாழ்ப்பாணத்து மனிதர், அவர் இங்கே வாசகசாலையில் ஞாயிறு தவறாமல் யோகத்தைப் பற்றிப் பேசுகிறார். இயமம், நியமம் என்று ஒவ்வொரு படியாக, ரயில் நேரம் சொல்கிற மாதிரி. நியமத்தில் சந்தோஷம் என்று ஒன்று வருகிறதாம். இருப்பது போதும் என்று இருப்பது. கேட்ட நிமிடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்: சித்திரை ஒன்று வரைக்கும் எதைப் பற்றியும் குறை சொல்ல மாட்டேன். மலாய் நாட்டில் என்னைவிடத் திருப்தியான மனிதன் எவனாவது இருந்தால் என் முன்னால் வரச் சொல். ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

சகல திருப்தியும் ஒருங்கே பெற்ற
நாகையா, டிக்கெட் கலெக்டர்


கிள்ளான்
16-2-1934

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. திருப்திக்கு ஆள் கூப்பிட்டுச் சண்டை போடுகிற யோகத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அத்தைதான் பாவம்.

நடந்ததை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கமணியைப் பெண் பார்க்கச் செந்தூலிலிருந்து வந்தார்கள். பையன் வாசு, ரயில் பட்டறையில் ஃபிட்டர். அவனுடைய அம்மா வீரம்மா. நல்ல இடம். தங்கமணிக்கும் பிடித்திருந்தது. கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து என் கையைக் கிள்ளினாள். நீங்கள் அன்றைக்கு டூட்டி என்று வரவில்லை. வந்திருந்தால் நீங்களாவது என் வாயைப் பொத்தியிருப்பீர்கள்.

பெண் பார்க்கிற வீட்டில் இலையில் விழுவதெல்லாம் பெண்ணே செய்தது என்று சொல்வது வழக்கம்தானே. எனக்கும் அப்படித்தான். அம்மா சுட்ட அதிரசத்தை நான் சுட்டதாகச் சொன்னார்கள், நானும் தலையைக் குனிந்து வெட்கப்பட்டேன். அன்றைக்கு வீரம்மா வடையைப் பிட்டு வாயில் போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். "இப்படி ஒரு வடைய இந்த நாட்டுல நான் தின்னதே இல்ல. பொண்ணு கையில என்னமோ இருக்கு" என்றார்கள்.

மாமா, என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது? "அவ வெந்நி வச்சாலே அடி பிடிக்கும்ங்க. விடியகாலம் எந்திரிச்சு உளுந்து ஆட்டினதும் நானு, சுட்டதும் நானு" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

என் வீட்டுக்காரர் கையில் இருந்த டம்ளர் வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. வீரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "சரி, நேரமாச்சு. போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிட்டார்கள். பாயசத்தைத் தொடக்கூட இல்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை.

வடை நன்றாக இருக்கிறது என்ற பெயருக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான். அன்று சாயங்காலமே மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டேன். தங்கமணி கழுத்தில் தாலி ஏறும்வரை இந்த வாய் பேசாது, இந்த நாக்கில் உப்புப் படாது.

இதுவரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. சோதனை வராமலும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே கோவிலில் வீரம்மா எதிரே வந்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தார்கள். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கத்தான் வந்தார்கள் என்று தெரிந்தது. அவர்கள் வாய் திறப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். விரதம் உடையவில்லை.

வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள். பாப்பா ரொம்பச் சமர்த்தாகிவிட்டாள். பால் வேண்டுமென்றால் அழுவதில்லை, கத்துவதில்லை. என்னைப் போலவே விரலால் காட்டுகிறாள்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
20-2-1934

வாய் பூட்டிய மகாராணிக்கு,

சிரிக்காமல் படிக்கச் சொன்னாய். படித்தேன். படித்து முடித்த பிறகு சிரித்தேன், அதற்கு நீ தடை போடவில்லை. உன் அத்தை மாரியாயி வாங்கிப் படித்தாள். அவள் சிரிக்கவில்லை. "பாவம்ங்க, அந்தப் புள்ள" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த தேநீரில் சர்க்கரைக்குப் பதில் அவள் கண்ணீர்தான் இருந்தது. திருப்தியாகக் குடித்தேன்.

என் திருப்தி எந்த உயரத்துக்குப் போயிருக்கிறது என்று கேள். காதர் கடைத் தேநீரை இருபது வருஷமாகத் திட்டித்தான் குடித்திருக்கிறேன். இப்போது ஒரு மடக்குக் குடித்துவிட்டு "அருமை" என்றேன். காதர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நாகையாண்ணே, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றார். அன்று மாலைக்குள் நான் சாகக் கிடக்கிறேன் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் செய்தி போய், ஒரு மாட்டுவண்டிக்காரர் பூவோடு வந்துவிட்டார்.

கூரை ஒழுகுகிறது. நேராக என் கட்டிலில். போதும், இன்னும் கொஞ்சம் வந்தால் இங்கேயே குளித்துவிடலாம் என்று திருப்தியாகப் படுத்திருந்தேன். மாரியாயி ஏணியைக் கொண்டுவந்து என் மேலேயே சாய்த்தாள். "யோகமெல்லாம் கூரைக்கு மேல உக்காந்து பண்ணுங்க" என்றாள்.

கார்த்திகேசுவிடம் நியாயம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், உம்முடைய மனுசி சொன்னதுதான் சரி. ஒழுகுற கூரையை அடைக்காமல் கிடக்கிறது சோம்பல் காணும். வந்த வண்டியில ஏறி இருந்துகொண்டு, போன வண்டியை நினைச்சு நெஞ்சில அடிக்காமல் இருக்கிறதுதான் சந்தோஷம்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பத்மாசனம் போட்டுக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு காலை மடித்தேன், மறு காலை அதன்மேல் இழுத்தேன். முழங்கால் மரம் முறிகிற மாதிரி கத்தியது. யோகி கத்தலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தேன். இரண்டு காலும் பூட்டிக்கொண்டன. பிரிப்பதற்குச் செந்தூல் பட்டறையிலிருந்து இரும்புப் பாரையோடு ஆள் வர வேண்டியிருக்கும் என்று வாசகசாலையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கார்த்திகேசு பக்கத்தில் குந்தி, மெல்ல என் காலைப் பிரித்துவிட்டுக் கேட்டார்: "உம்முடைய முழங்கால் உமக்கு என்ன துரோகம் செய்தது? ஏன் காணும் அதை அடிக்கிறீர்?"

இது தவம் இல்லையா என்று கேட்டேன். "முதல் ஸ்டேஷன் அகிம்சை. தவம் அதுக்குப் பிறகு வருகிறது. முதல் ஸ்டேஷனுக்கே போகாத வண்டி தவத்துக்கு எப்படிப் போகும்? உம்மை நீரே அடிச்சாலும் அது அடிதான்" என்றார்.

புஷ்பா, அப்போது எனக்கு என் முழங்கால் நினைவுக்கு வரவில்லை. உன் சிலேட்டுதான் நினைவுக்கு வந்தது.

இதை இப்படியே விட நாகையா பிறக்கவில்லை. குடையைத் துடைத்து வைத்திருக்கிறேன். செந்தூலுக்குப் படையெடுக்கப் போகிறேன்.

முழங்கால் வீங்கிய
யோகிராஜ நாகையா


கிள்ளான்
25-2-1934

மாமா,

செந்தூலுக்குப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்கள் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் உப்பில்லாமல் எலும்பாகிவிட்டேன் என்பீர்கள், கிள்ளான் டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பீர்கள், சிலேட்டு தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது என்பீர்கள். அவர்கள் பார்வையில் நான் வாய் நீண்டவள் மட்டும்தான். நீங்கள் போனால் பைத்தியக்காரக் குடும்பம் என்ற பெயரும் சேரும்.

அகிம்சை, ஸ்டேஷன் எல்லாம் படித்தேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்ன, சொல்வார். அவர் நாத்தனாரின் கல்யாணத்தையா கெடுத்தார்? மாமா, முழங்கால் ஒரு தப்பும் செய்யவில்லை. என் வாய் செய்தது. தப்புச் செய்ததைக் கட்டிப்போட்டால் அது இம்சையா?

கோவிலில் பங்குனித் திருவிழா வருகிறது, அன்னதானத்துக்கு வடை சுட வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கதவுக்குப் பின்னால் நின்று இல்லை என்று கையை ஆட்டினேன். உளுந்து ஊறுகிற வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால்கூட ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

தங்கமணி தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். நாள் முழுக்க மிதிக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் கரண்டியை எடுத்து எறிந்திருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். யாரும் எனக்குத் தண்டனை கொடுக்கவில்லை மாமா. அதனால்தான் நானே கொடுத்துக்கொண்டேன்.

உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவுங்கள். அத்தையைத் தடவிவிடச் சொல்லுங்கள், நீங்களே செய்தால் பாதி எண்ணெய் சட்டைக்குப் போய்விடும்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
5-3-1934

புஷ்பவல்லிக்கு, அவசரம், அவசரம், அவசரம்.

போய்விட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே தீர்மானித்திருந்தேன், வந்த பிறகு தீர்மானம் இரட்டிப்பாகிவிட்டது. திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். முதலில் உட்கார். கையில் பாத்திரம் இருந்தால் கீழே வை.

செந்தூலில் நான் இறங்கியபோது பட்டறைச் சங்கு ஊதியது. எனக்காகத்தான் ஊதினார்கள். வீரம்மாவின் வீட்டை விசாரித்துப் போனால், எனக்கு ஏற்கெனவே தெரிந்த அம்மாள். எத்தனையோ தடவை என் கையில் டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். "அட, டிக்கெட் அண்ணனா, வாங்க வாங்க" என்று பாயை விரித்தார்கள். நான் புஷ்பவல்லியின் தாய்மாமன் என்றேன். முகம் மாறியது.

"ஏம்மா, அந்த வடை விஷயத்துல கோபமா?" என்றேன்.

"எந்த வடை?" என்றார்கள்.

நீ பாத்திரத்தை வைத்தாயா இல்லையா? எந்த வடை என்று கேட்டார்கள் புஷ்பா. நான் விளக்கினேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்படியே எழுதுகிறேன் கேள்:

"அடியாத்தி, அதுவா? அண்ணே, வாசுவுக்குன்னு நான் எத்தினி வீடு ஏறி எறங்கினேன் தெரியுமா? எல்லா வீட்லயும் பொண்ணு சுட்ட வடைன்னுதான் வச்சாங்க. எல்லாமே இங்க சந்தையில, பாசார் முக்குக் கடை வடை. அந்தக் கடைக்காரன் எனக்குத் தம்பி மொறை, அவன் வடை எனக்குத் தெரியாதா? உங்க வீட்ல ஒருத்திதான் உள்ளதச் சொன்னா. பொண்ணு எடுத்தா இந்த வீட்லதான்னு அங்கயே நெனச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் பாயசம்கூடக் குடிக்காம எந்திரிச்சீங்க?"

"ரயிலு போயிருமேண்ணே. விட்டா அடுத்தது எப்ப? அவனுக்கு விடிஞ்சா மொத ஷிஃப்ட்டு."

புஷ்பா, அந்த அம்மாள் பார்த்தது கடிகாரத்தை. நேரம் பார்த்தார்கள். ரயிலுக்கு.

"சரி, சொல்லி அனுப்பறோம்னு சொன்னீங்களே, ஏன் அனுப்பலை?" என்றேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"அனுப்பறதென்ன, நானே வந்தேன். கோயிலுக்கும் ஆச்சு, பேசினாப்பலயும் ஆச்சுன்னு வெள்ளிக்கெழம கெளம்பிக் கிள்ளானுக்கு வந்தேன். அந்த அண்ணிக்காரியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போறேன், கையெடுத்துக் கும்பிட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. குடுக்க இஷ்டமில்லன்னு நாலு பேரு முன்னால மரியாதையாச் சொல்லிட்டா. எனக்கும் மானம் இருக்குல்ல?"

உன் வாய் கெடுக்கவில்லை. நீ வாயை மூடியதுதான் கெடுத்தது. இதைக் கேட்டபோது நான் பாயிலிருந்து ஒரு முழம் மேலே எழும்பிவிட்டேன், அதையும் யோகத்தில்தான் சேர்க்க வேண்டும்.

உன் விரதத்தைச் சொன்னேன். அங்கேதான் என் வண்டி தடம் புரண்டது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஒரு வடைக்கு ஒரு பொம்பள இத்தினி நாளு வாயே தொறக்கலியா? அண்ணே, போன வருசம் ஸ்டேசன்ல வச்சு என்ன சொன்னீங்க? கிள்ளான் ஆத்து முதலை உங்க குடையைக் கடன் வாங்கிட்டுப் போச்சுன்னீங்க. நம்பிட்டு எம் மவன்கிட்டச் சொல்லி, அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல" என்றார்கள்.

நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நிஜத்தை உள்ளபடி சொன்னேன், அதை நம்ப ஆள் இல்லை.

இராமலிங்கம் வந்து பேசினால் போதுமா என்று கேட்டேன். "போதாது. அண்ணிக்கு மனசில்லாத வீட்ல பொண்ணெடுத்தா நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, உன் சிலேட்டு அங்கே செல்லாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரவாங்கில் வேறு பெண் பார்க்கப் போகிறார்கள். சொல்லிவிட்டார்களாம்.

சனிக்கிழமை முதல் வண்டியில் கிளம்பு. கையில் வடையோடு வா. வாயோடும் வா.

மூச்சு வாங்கும்
நாகையா


கிள்ளான்
7-3-1934

மாமா,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு முறை படித்தால் சிரிப்பு வருகிறது, மறு முறை படித்தால் மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறேன்.

நான் இதை எப்படி நம்புவது? என்னைத் தேற்றுவதற்காக நீங்கள் கட்டியதாக இருந்தால்? எல்லா வீட்டிலும் ஒரே கடை வடை என்பது உங்கள் முதலைக்குத் தம்பி மாதிரி இருக்கிறது.

சரி, நிஜமென்றே வைத்துக்கொள்வோம். நான் அம்மனிடம் சொன்ன வார்த்தை என்ன ஆவது? தாலி ஏறும்வரை பேச மாட்டேன் என்று நெருப்பின்மேல் கை வைத்துச் சொன்னேன். பேசினால்தான் தாலி என்கிறீர்கள். இது என்ன முடிச்சு மாமா? நான் விரதத்தை உடைத்து, பாப்பாவுக்கு ஏதாவது வந்துவிட்டால்? மாரியம்மன் மாமா, விளையாட்டு இல்லை.

நேற்று கொல்லைப்புறத்தில் தனியாக நின்று, சத்தம் வருகிறதா என்று பார்க்கலாம் என வாயைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன். தப்புச் செய்த வாய்க்கு விடுதலை கொடுக்க நான் யார் என்று தோன்றியது.

தங்கமணியிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டினால் அவள் நம்பிவிடுவாள். அப்புறம் நான் பேசவில்லை என்றால் என்ன செய்வாள்?

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
8-3-1934

புஷ்பா,

இந்தக் கடிதத்தில் நான் எதையும் பெரிதாக்கவில்லை.

நான் உன் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி போயிற்று. ரயில் சொல்லு என்றேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். தீபாவளிக்கு வந்தபோது என்னைப் பார்த்து ரயில், பூனை, தாத்தா மூன்றையும் சொன்னாள். இந்த முறை அவள் ரயிலைக் கையால் காட்டினாள். பிறகு விரலை உதட்டின்மேல் வைத்து, கூடாது என்று தலையை ஆட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

இன்று உன் பழைய கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தபோது, பால் வேண்டுமென்றால் விரலால் காட்டுகிறாள் என்ற வரியைப் பார்த்தேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். கார்த்திகேசுவிடம் போனேன். அவர் இந்த முறை ஸ்டேஷன் எதுவும் சொல்லவில்லை. "பிள்ளை பாவம். தாயும் பாவம்" என்று மட்டும் சொன்னார்.

நீ வடையைப் பற்றிச் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதே வார்த்தையைத் தங்கமணி சொல்லியிருந்தால் அவளை நீ என்ன செய்திருப்பாய்? ஒரு பொழுது திட்டியிருப்பாய். அப்புறம் பக்கத்தில் உட்கார்த்தி உப்புப் போட்டுச் சோறு போட்டிருப்பாய். அதை உனக்கும் செய்.

அம்மன் கேட்டால், பேசச் சொன்னவன் நாகையா என்று சொல். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மாமா


கிள்ளான்
13-3-1934

மலாய் நாட்டின் மகா திருப்தி மன்னரும், முதலைக்குக் குடை கொடுத்த வள்ளலும், என் தாய்மாமனுமான நாகையா அவர்களுக்கு, புஷ்பவல்லி வாய் நிறையப் பேசிக்கொண்டே எழுதுவது.

எங்கே ஆரம்பிப்பது? உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு பாப்பாவைத் தேடினேன். ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். வண்டி வருகிற சத்தம் கேட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாள். பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, "ரயிலு" என்றேன்.

அது என் குரலே இல்லை மாமா. துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. பாப்பா என்னையே பார்த்தாள். அப்புறம் தன் விரலை என் வாய்க்குள் விட்டுத் தேடினாள். சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறாள். "ரயிலுடி கண்ணு, ரயிலு, ரயிலு" என்று அவள் விரலோடு சேர்த்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். வண்டி போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் ரயில் ரயில் என்று கத்திக்கொண்டிருந்தோம்.

தையல் மெஷின் நின்றது. தங்கமணி ஓடிவந்தாள். "அண்ணி" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேனேடி என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "கல்யாணம் போனா போவுது அண்ணி. இத்தன நாளா இந்த வீட்ல எனக்குப் பேச ஆளே இல்ல. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருந்துச்சு. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றாள். நான் அவளைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன், அவள் என்னைப் பார்த்து நடுங்கியிருக்கிறாள். நடுவில் மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் தாயே என்று சத்தமாகவே சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொன்னது என் வாய், என் பெயரே இருக்கட்டும் என்று தோன்றியது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா மணியடிக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள், அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தேன். இரண்டாவது கிண்ணமும் குடித்தேன். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம் உப்புப் போடவா?" என்று கேட்டார். பேசத் தெரிந்த மனிதர்தான், எனக்கே மறந்துவிட்டது.

சனிக்கிழமை விடியலில் உளுந்து ஆட்டினோம். ஆட்டினது தங்கமணி. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே ஆட்டினேன். முதல் வண்டியில் எல்லோரும் கிளம்பிச் செந்தூலுக்குப் போனோம். கோலாலம்பூர் ஸ்டேஷனில் உங்களைத் தேடினேன். மூன்றாம் வகுப்புப் பெட்டி முன்னால் நின்று யாரிடமோ, உங்கள் கூரை வழியாகக் கடல் ஒழுகியது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கூப்பிடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

வீரம்மா கதவைத் திறந்ததும் நான் கும்பிடவில்லை. கும்பிட்டால் மறுபடியும் தப்பாகப் போய்விடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அத்தை, எங்க தங்கமணிய உங்க வீட்டுக்குக் குடுக்க எங்களுக்கு ரொம்ப இஷ்டம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டார்கள். "என்னம்மா கொரலு இப்படிப் போயிருச்சு? அப்ப டிக்கெட் அண்ணன் சொன்னது நெசந்தானா? வடைக்காகவா வாயக் கட்டினே?" என்றார்கள். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பைத்தியக்காரி, பைத்தியக்காரி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே இழுத்துப்போனார்கள். பாசார் முக்குக் கடை, தம்பி முறை, எல்லாம் நிஜம் மாமா. நான் கேட்காமலேயே சொன்னார்கள். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு முதலையிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தட்டில் வடையை வைத்தோம். வீரம்மா எடுத்துக் கடித்தார்கள். கடிபடவில்லை. மறு பக்கம் திருப்பிக் கடித்தார்கள். என் முகத்தைப் பார்த்து, "இது யாரு சுட்டது?" என்றார்கள். அவர் என் காலை மிதித்தார். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

"இது நெசமாவே பொண்ணு சுட்டதுங்க" என்றேன்.

வாசு முதலில் சிரித்தான். அப்புறம் அந்த வீட்டில் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. அந்தக் கல் வடையில் அவன் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. ரவாங்குக்கு வரவில்லை என்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்திரையில் நாள் பார்க்கிறார்கள். கல்யாணத்தன்று விருந்துக்கு வடை என் கையால்தான், வீரம்மாவின் உத்தரவு. பங்குனி அன்னதானத்துக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் நெஞ்சுக்குள் ஒரு குரல் அவ்வப்போது "நீதானே, நீதானே" என்று குத்துகிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். குத்தும்போது உங்கள் ஸ்டேஷன் மாஸ்டரின் முழங்காலை நினைத்துக்கொள்கிறேன், அதாவது உங்கள் முழங்காலை. அவருக்கு என் நமஸ்காரம். கல்யாணத்துக்கு அவரையும் கூட்டிவாருங்கள், ஆனால் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் போதும் என்று எழுந்திருக்கமாட்டீர்கள், அவர் பசியோடு போய்விடுவார்.

பாப்பா இப்போது பேச்சை நிறுத்துவதில்லை. விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறாள். எழுதுகிற பேனாவைப் பிடுங்க வருகிறாள். இன்று காலை எனக்கென்று நானே கொஞ்சம் வடை சுட்டேன். அவளுக்கு ஒன்று கொடுத்தேன், ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "பாப்பா, எத்தன வடை தின்னே?" என்று கேட்டார்கள்.

இரண்டு கையையும் விரித்து, "ஆயிரம்" என்றாள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை மாமா.

புஷ்பவல்லி